நரம்பு யாருடையது?

சுருதி என்கிற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்று வேதம். வாயால் சொல்லி, காதால் கேட்டு வழிவழியாக வந்ததால் அது சுருதி. இன்னொன்று பாட்டில் வருவது. ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவில் காது பிரித்தறியக்கூடிய ஆகச்சிறிய இடைவெளி, அதுவும் சுருதி. முதல் சுருதியைச் சூத்திரன் வலியப் போய்க் கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால், அவனுக்கும் கீழே தள்ளப்பட்ட நம்ம காது எந்தக் கணக்கில் வரும்? இரண்டாவது சுருதிக்கு ஈயம் தேவைப்படவில்லை. 'உங்களுக்கெல்லாம் சுருதி ஞானம் வராது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமானதாக இருந்தது.

நான் இங்கே பேச நினைப்பது இந்த இரண்டாவது சுருதியைப் பற்றி. எத்தனை சுருதி என்று நூறு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சுருதியை எந்தப் பொருளின்மேல் வைத்து அளந்தார்கள்? அந்தப் பொருளைச் செய்து கொடுத்தது யார்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்தினார்கள், ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு நரம்பை இழுத்துக் கட்டி மீட்டுங்கள். முழு நீளத்தில் பிறப்பது சட்ஜமம். பாதியில் விரல் வைத்தால் மேல் சட்ஜமம். மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம். நாலில் மூன்று பங்கில் மத்திமம். ஐந்தில் நாலு பங்கில் அந்தர காந்தாரம். இவையெல்லாம் சின்னச் சின்ன முழு எண்கள். இந்த விகிதத்தில் இரண்டு ஒலி சேரும்போது அவை ஒன்றோடொன்று இழைந்துவிடும். கொஞ்சம் விலகினாலும் சத்தத்தில் ஒரு நடுக்கம் தட்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும். மேல்நாட்டுப் பியானோவில் இப்படி இல்லை. அங்கே ஒரு சட்ஜமத்துக்கும் அடுத்த சட்ஜமத்துக்கும் நடுவே 12 சமமான துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டை 100 பங்காக்கினால், பியானோவின் அந்தர காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 பங்கு ஏறி நிற்கும்.

இயற்கை விகிதத்தில் போனால் இன்னொரு சங்கடம் வருகிறது. பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று நாலு தரம் ஏறிப் போனாலும் ஒரு காந்தாரம் கிடைக்கும். அது ஐந்தில் நாலு பங்கில் கிடைக்கிற காந்தாரத்தோடு ஒட்டாது. இரண்டுக்கும் இடையே 81க்கு 80 என்கிற விகிதத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கிறது. மேலே சொன்ன பங்கில் 21½. நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் இரண்டு வீணைகளை ஒரே மாதிரி கூட்டி, ஒன்றில் மட்டும் பஞ்சமத்தைத் துளி இறக்கிக் காட்டுகிற இடம் ஒன்று வருகிறது. அந்தத் துளிக்குப் பிரமாண சுருதி என்று பேர். அது இந்த மயிரிழைதான் என்று பின்னால் கணக்குப் போட்டவர்கள் பலரும் சொன்னார்கள். அந்த வழியில்தான் 22 சுருதி என்ற எண்ணிக்கை வருகிறது.

தமிழிலும் 22 உண்டு. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டிப் பாருங்கள், 22. இதற்கு அலகு, மாத்திரை என்று பேர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் புரட்டினால் இந்த ஏழும் வரும். அங்கே இந்த ஏழுக்கும் பொதுவாக ஒரு சொல் வருகிறது பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்வரம் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதற்குப் பழந்தமிழ்ச் சொல் நரம்பு. இன்ன நரம்புக்கு இன்ன நரம்பு இணை, இன்ன நரம்பு பகை என்றுதான் கணக்கே போகிறது. இசையின் ஆதி அலகுக்குத் தமிழன் வைத்த பேர், அறுத்த மிருகத்தின் உடம்பிலிருந்து எடுத்த ஒரு பொருளின் பேர்.

நரம்பு தானாக வந்து யாழில் ஏறாது. மாட்டையோ ஆட்டையோ உரிக்க வேண்டும். குடலை வழித்து, கழுவி, திரித்து, முறுக்கி, காய வைக்க வேண்டும். முறுக்கு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் பேசாது. ஆக, கணக்கு சாஸ்திரத்தில் எழுதப்படுவதற்கு முன்னாலேயே நரம்பு முறுக்கினவன் கையில் இருந்தாக வேண்டும். அந்தக் கை யாருடையது?

இதற்குப் பதில் சொல்வது நம்ம ஜில்லாக்காரர், குன்றத்தூர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தன் என்றாலே எல்லாரும் தீயில் இறங்கினதைத்தான் பேசுகிறார்கள். தீக்கு முன்னால் ஆதனூர்ப் புலைப்பாடியில் நந்தன் செய்த வேலையைச் சேக்கிழார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கோயில் பேரிகைக்கும் மற்ற முகக்கருவிகளுக்கும் போர்வைத் தோல் கொடுத்தான், இழுத்துக் கட்ட வார் கொடுத்தான், வீணைக்கும் யாழுக்கும் தந்திரி கொடுத்தான், பூசைக்குக் கோரோசனை கொடுத்தான். தோல், வார், கோரோசனை எல்லாம் மாட்டிலிருந்து வருவது. அந்த வரிசையில் நிற்கிற தந்திரி எதிலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள்ளே சுருதி சேர்த்த வீணையின் தந்தி சேரியில் முறுக்கப்பட்டது. தந்தி உள்ளே போனது, முறுக்கினவன் வெளியே நின்றான். தோலுக்குத் தீட்டில்லை, தோலைப் பதப்படுத்தினவனுக்குத் தீட்டு. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சைவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற புத்தகத்தில் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் அர்ச்சுனன் தபசு பாறைக்கு எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாறையில் கின்னரர் ஜோடிகள் இருக்கின்றன. மேலே மனுஷ உடம்பு, கீழே பறவைக் கால். ஒருவர் கையில் வீணை, ஒருவர் கையில் தாளம். பல்லவ ராஜாக்களுக்கு இசைப் பித்து அதிகம். கடற்கரைக் கோயிலைக் கட்டின ராஜசிம்மன், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன்னை வீணா நாரதன் என்றும், ஆதோத்ய தும்புரு என்றும், வாத்ய வித்யாதரன் என்றும் கல்லில் வெட்டிக்கொண்டான். அவனுக்கு முந்தின மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பல்லாவரத்துக் குடைவரையில் வரிசையாக இருக்கின்றன. அவனுக்கிருந்த பட்டங்களில் ஒன்று சங்கீர்ணஜாதி. நேர் அர்த்தம் கலப்பு ஜாதி. இசை, தாள சம்பந்தமான பேர் அது என்று அறிஞர்கள் விளக்கம் கொடுத்தார்கள், இருக்கலாம். ஆனால் மனு தர்மத்தின் 10ஆம் அத்தியாயத்தில் ஜாதிக் கலப்பில் பிறந்தவன் என்று சொல்லித்தான் சண்டாளனை ஊருக்கு வெளியே வைக்கிறார்கள். அதே கலப்பு ராஜாவுக்குப் பட்டமாகிறது, நமக்குச் சேரியாகிறது.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். ருத்ராசாரியார் என்பவரின் சீடனாகிய ஒரு ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதில் இருக்கிறது. ராஜாவின் பேர் இல்லை. மகேந்திரவர்மன்தான் என்று பலர் எழுதினார்கள், மறுத்தவர்களும் உண்டு. அந்தக் கல்லில் ஒரே ஸ்வரத்தை அ, இ, உ, எ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. ர, ரி, ரு, ரெ. ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே இருக்கிற நுண்ணிய சுருதி பேதங்களைக் குறிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கருதுகிறார்கள். ராஜாவுக்கு மாணவர்களின் பேரில் அக்கறை இருந்திருக்கிறது, சரிதான். அந்த மாணவர்களின் வீணைக்கு நரம்பு முறுக்கினவனின் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

நரம்பு கொடுத்தவன் கதை இப்படி. மீட்டினவன் கதை என்ன?

யாழ் பாணர்களின் கருவி. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு பேரைக் குடிகளாகச் சொல்லுகிறது. நாலில் மூன்று பேரைத் துடி, பறை, யாழ் என்று கருவியோடு சேர்த்தே நாம் அறிவோம். சேக்கிழார் காலத்துக்கு வரும்போது பாணர் தீண்டத்தகாதவர் ஆகியிருந்தார்கள். எருக்கத்தம்புலியூர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருவாரூருக்குப் போனபோது, அவர் நுழைவதற்கென்று வடக்கே தனி வாசல் வகுக்கப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சாமியே வாசல் வகுத்தார் என்று சந்தோஷப்படுகிறார்கள். எல்லாரும் போகிற வாசலில் ஏன் போக முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

அந்த யாழ்ப்பாணரைப் பற்றி இன்னொரு கதை, யாழ்முரி. திருத்தருமபுரத்தில் சம்பந்தர் ஒரு பதிகம் பாட, யாழ்ப்பாணரால் அதை யாழில் வாசிக்க முடியவில்லையாம். அவமானத்தில் யாழையே உடைக்கப் போனாராம். பக்திக் கதையாக இதைப் படித்தால் பிள்ளையின் மகிமை தெரியும். கருவியை அறிந்தவன் படித்தால் வேறு தெரியும். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஒலி. முன்கூட்டியே கூட்டி வைத்த சுருதி அது. மிடறு அப்படி இல்லை. ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கலாம், அசைக்கலாம், நடுவே நிற்கலாம். கருவியின் எல்லையைக் கலைஞனின் தோல்வியாக, அதுவும் கீழ்ச்சாதிக் கலைஞனின் தோல்வியாக எழுதி வைத்துவிட்டார்கள். பிற்பாடு யாழ் போனது, மெட்டு வைத்த வீணை வந்தது. யாழோடு பாணரும் அரங்கத்தைவிட்டுப் போனார்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபோது பண் தெரியவில்லை. யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் எருக்கத்தம்புலியூரில் இருந்தாள், அவளைக் கொண்டுதான் பண் வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அவளுக்கு அந்தப் புராணத்தில் பேர்கூட இல்லை. யாழ்ப்பாணரின் மனைவிக்குப் பேர் உண்டு, மதங்கசூளாமணி. மதங்கர் என்றால் தமிழில் பெரும்பாணர். வடமொழியில் மாதங்கன் என்றால் சண்டாளன். ராகத்துக்கு இலக்கணம் சொன்ன பிருகத்தேசி நூலை எழுதினவர் பேரும் மதங்கர். வீணையைக் கையில் வைத்திருக்கிற தெய்வத்தின் பேர் மாதங்கி, அவளைத் தந்திர நூல்கள் சண்டாளி என்றே சொல்கின்றன. பேர்கள் எல்லாம் நம்ம பக்கமே வந்து நிற்கிறது. ஆட்கள் மட்டும் வெளியே.

இப்போது நவீன காலத்துக்கு வருவோம். 1910இல் கிருஷ்ணாஜி பல்லால் தேவல் என்கிற மராட்டியர் 22 சுருதிகளையும் இயற்கை விகிதத்தில் கணக்கிட்டுப் புத்தகம் போட்டார். கிளெமென்ட்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி அவரோடு சேர்ந்துகொண்டார். சுருதி ஆர்மோனியம் என்று தனியாக ஒன்றைச் செய்ய வைத்தார்கள். இதை எதிர்த்து எழுந்தவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். நாடார் சமூகத்துக் கிறிஸ்தவர், சித்த வைத்தியர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் பெண்களோடு போய், 22 தப்பு, தமிழர் கணக்கு 24, அதுவும் சம பங்கு என்று வாதாடினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேல் பக்கம். ஈழத்து விபுலானந்த அடிகளோ 22 அலகை விகிதத்தோடு நிறுவி 1947இல் 'யாழ் நூல்' கொண்டு வந்தார்.

பண்டிதரின் 24ஐ நான் ஏற்கவில்லை. சம பங்காக வெட்டினால் அந்த மயிரிழையே காணாமல் போகும். ஆனாலும் சாஸ்திரம் ஒரு சாதியின் சொத்து என்றிருந்த சபையில், வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த காசில் தானே சங்கீத மாநாடுகள் கூட்டி, தானே அச்சடித்து, கணக்கை எங்கிட்ட காட்டு என்று எழுந்து நின்றாரே, அந்தத் தைரியத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு குறை சொல்லித்தான் ஆக வேண்டும். 22 என்றவரும் 24 என்றவரும் நரம்பை அளந்தார்கள், முறுக்கினவனைத் தேடவில்லை.

சுருதி சுத்தம் என்ற பேரில் இன்னொன்றும் நடந்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அதில் சுருதி நிற்காது, கமகம் வராது என்றார்கள். 1971 வாக்கில்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். செங்கல்பட்டு, வடாற்காடு பக்கத்தில் கூத்துக்கு உயிர் கொடுப்பது ஆர்மோனியமும் முகவீணையும். விடிய விடியக் கூத்து பார்த்த ஜனத்தின் காதுக்கு அது அபசுருதியாகப் படவில்லை. வானொலிக்குப் பட்டது.

நான் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சேரியில் பிறந்தவன். எங்க நைனா பறை அடிப்பார். கடல் காத்து வீசுகிற ஊரில் பறைக்கு ஒரு தொல்லை உண்டு. உப்புக் காத்தும் ஈரமும் ஏறினால் தோல் தொய்ந்துவிடும், சத்தம் அமுங்கிவிடும். வைக்கோலைக் கொளுத்தி, சட்டத்தைச் சுத்திச் சுத்தித் தீயில் காட்டுவார். நடுநடுவே விரலால் ஒரு தட்டு. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற, தோலு இன்னும் தூங்குது, வைக்கோல் போடு" என்பார் என்னிடம். கூட நாலு பறை இருந்தால் நாலும் ஒரே மட்டத்துக்கு ஏறி வரும் வரைக்கும் குச்சியைத் தொட மாட்டார். "ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி நின்னா பொணத்துக்கே புடிக்காதுடா" என்று சிரிப்பார். ஒரு இம்மி விலகினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு ஒலி ஒட்டாதபோது வருகிற நடுக்கம் என்று மேலே சொன்னேனே, அதைத்தான் அவர் தீயில் அளந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். விழாவுக்குப் பாட ஆள் எடுத்தபோது காலனிப் பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவிட்டு, "பறைச் சத்தத்திலேயே வளர்ந்த காது, சுருதியில நிக்காது" என்றார். நாங்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, அவர் பாடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் 1920லேயே அச்சாகி இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பதிலை எழுதினவர் சி.வி. ராமன். 1920இல் 'நேச்சர்' பத்திரிகையில் சிவகாளி குமாரோடு சேர்ந்து ஒரு குறிப்பு, 1934இல் விரிவாக ஒரு கட்டுரை. விஷயம் இதுதான். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால் அது பல விதமாக அதிரும். அடிப்படை அதிர்வு 1 என்றால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் சாதாரண முரசில் சத்தம் உண்டு, ஸ்வரம் இல்லை. மிருதங்கத்தில் மட்டும் 1, 2, 3, 4, 5 என்று முழு எண்களாக வருகிறது. 9 வகை அதிர்வுகள் இந்த 5 ஒலிகளுக்குள் வந்து அடங்குகின்றன என்று ராமன் காட்டினார். காரணம், வலந்தலையின் நடுவே அப்பியிருக்கிற கறுப்புப் பூச்சு. 2க்கு 3 பஞ்சமம். 3க்கு 4 மத்திமம். 4க்கு 5 அந்தர காந்தாரம். பரதர் வீணையில் தேடின இயற்கை விகிதம் தோலுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அதை அங்கே உட்கார வைத்தது யார்? கிட்டான் கல்லை இடித்து, சலித்து, சோற்றோடு பிசைந்து, துளித் துளியாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி அப்பி, மறுபடி தேய்க்கிறவர். வலந்தலைக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும், வாருக்கு எருமைத் தோலும் பார்த்து எடுத்து மூட்டு கட்டுகிறவர். தமிழ்நாட்டில் இந்த வேலை செய்து வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறிஸ்தவர்கள். வித்வான் மேடையில் சுருதி சேர்ப்பது கல்லாலும் புள்ளாலும் கடைசியாகத் தட்டுகிற இரண்டு தட்டு. முழு எண் விகிதத்தை அந்தத் தோலுக்குள் வைத்தவர் மேடைக்கு வருவதில்லை. ராமனின் கட்டுரையிலும் கருவிக்குத்தான் புகழ், கைக்குப் பேர் இல்லை.

அந்தக் கைகளின் பேர்களை எழுதி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் கொண்டு வந்தார். 2020இல் அதை வெளியிடத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் இடம் கேட்டு, முதலில் கொடுத்தார்கள், பிறகு அனுமதியை ரத்து செய்தார்கள். வெளியீடு ஏசியன் இதழியல் கல்லூரியில் நடந்தது. மாட்டுத்தோல் போர்த்திய மிருதங்கம் அந்த மேடையில் ஏறலாம். மாட்டுத்தோலைப் பற்றிய புத்தகம் ஏறக் கூடாது. நந்தனின் தந்தி உள்ளே போய் நந்தன் வெளியே நின்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எட்டு நூறு வருஷத்தில் கதை எழுதினவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

பறையைக் கீழே போடு, இழிதொழிலை விடு என்று நம்ம இயக்கங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாவுக்கு அடி, கூலி கேட்காதே என்று ஊர் சொன்னபோது குச்சியை ஒடித்துப் போட்டவர்கள் மானஸ்தர்கள். அந்தப் பேரையே தலைப்பாக்கி 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தின ரெட்டமலை சீனிவாசன், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். அதுவும் மானம்தான். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் விருது ஒருவருக்கு. கணக்கு பாக்கி இருப்பது ஒரு ஜனத்துக்கு.

கட்டாயத் தொழிலை மறுப்பது வேறு, அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவை விட்டுக்கொடுப்பது வேறு. முதலாவதை நாம் செய்தாக வேண்டும். இரண்டாவதைச் செய்தால் நம்மைக் காது இல்லாதவர்கள் என்று சொன்னவர்கள் சொன்னது நிலைத்துவிடும். சங்கீதக் கல்லூரிகளில் சுருதி பாடம் நடத்தும்போது பரதர், மதங்கர், ராமன் என்று சொல்கிற வாய், நரம்பு முறுக்கினவனையும் மூட்டு கட்டினவனையும் தீயில் தோல் காட்டினவனையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். வீணை தேர்வுக்கு 22 சுருதியின் விகிதத்தை எழுதச் சொல்கிறவர்கள், 23ஆவது கேள்வியாக, இந்த நரம்பு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்கட்டும். விடை நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும்.